23 மணி 25 நிமிடம்

அந்த மின்னஞ்சலை முதலில் நான் பொருட்படுத்தவே இல்லை. மாலை 6.35க்குக் கிளம்ப வேண்டிய விமானம் இனி 7.25க்குக் கிளம்பும் என்று இருந்தது. 50 நிமிடம்தானே, போகட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்துச் செயலியைத் திறந்தால், எங்கள் பயணத்தின் திரும்பி வரும் பாதி முழுவதும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கீழே ஒரு வரி: பயணத்தை உறுதிசெய்ய இயலவில்லை, வாடிக்கையாளர் சேவையை அழைக்கவும்.

50 நிமிடத்துக்கு ஏன் இந்த ஆர்ப்பாட்டம் என்றால், அந்த டிக்கெட்டையே நான் ஒரு நிமிடக் கணக்கின் மேல்தான் கட்டியிருந்தேன். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் இல்லை, மைல் கொடுத்து வாங்கியது. (மைல் என்றால் பறப்பதற்கும் கார்டில் செலவழிப்பதற்கும் கிடைக்கும் பரிசுப் புள்ளி.) நாங்கள் இரண்டு பேரும் ஆறு வருடமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த மைல். கொஞ்சம் அலுவலகப் பயணத்தில் வந்தது, மீதி கிரெடிட் கார்டில் வந்தது. அதில் ஒரு பகுதி காலாவதியாகப் போகிறது என்று நினைவூட்டல் வந்தபோதுதான் உட்கார்ந்து யோசித்தோம். (எல்லா மைலும் காலாவதியாவதில்லை. அமெரிக்க நிறுவனங்களான டெல்டாவும் யுனைடெடும் காலாவதியை எடுத்தே விட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில், மைல் கணக்கில் சேர்ந்து 36 மாதம் ஆனால் போய்விடும். உங்களுடையது எந்த வகை என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.)

போய்வர ஒரு அவார்டு டிக்கெட், அதாவது மைல் கொடுத்து வாங்கும் டிக்கெட், இரண்டு பேருக்கு. ஆனால் வழியில் இரண்டு ஊர் பார்க்க வேண்டும் என்று மனைவிக்கு ஆசை. எங்கள் மைல் திட்டத்தில் போய்வரும் டிக்கெட்டுக்கு ஒரு ஸ்டாப்ஓவர்தான், அதாவது வழியில் ஒரு ஊரில் ஒரு நாளுக்கு மேல் தங்குவதுதான், இலவசம். அதைப் போகும்போது பயன்படுத்திக்கொண்டோம், முதல் ஊரில் நான்கு நாள். இரண்டாவது ஊருக்குத் திரும்பும் வழியில் இடம் கண்டுபிடித்தேன். ஒரு நாள் மாலை 7.10க்கு வந்து இறங்கி, மறுநாள் மாலை 6.35க்குக் கிளம்புவது. 23 மணி 25 நிமிடம்.

அந்த எண்ணில்தான் விஷயமே இருக்கிறது. சர்வதேசப் பயணத்தில் ஒரு ஊரில் 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் ஏறிவிட்டால் அது வெறும் இணைப்பு. ட்ரான்சிட் என்பார்கள், லேஓவர் என்பார்கள். 24 மணி நேரத்தைத் தாண்டினால் ஸ்டாப்ஓவர். நீங்கள் விமான நிலைய நாற்காலியிலேயே கிடந்தீர்களா, வெளியே போய் ஊரைச் சுற்றினீர்களா என்பதை யாரும் பார்ப்பதில்லை. கடிகாரம் மட்டும்தான் கணக்கு. அமெரிக்காவுக்குள் மட்டும் ஓடும் பயணங்களில் இந்த எல்லை பெரும்பாலும் 4 மணி நேரம்தான். அதனால் உள்நாட்டுப் பழக்கத்தை வைத்து சர்வதேச டிக்கெட்டை எடைபோடக் கூடாது, அதைப் போலவே இதை வைத்து அதையும்.

ஆக, 23 மணி 25 நிமிடம் என்பது ஒரு இரவும் கிட்டத்தட்ட ஒரு முழுப் பகலும் இலவசமாகக் கிடைப்பது. கூடுதல் மைல் கிடையாது, ஸ்டாப்ஓவர் கணக்கிலும் வராது. கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. நேர அட்டவணையில் ஒரு மாற்றம் வந்தால் என்ன ஆகும் என்று அப்போது யோசிக்கவில்லை.

டிக்கெட் போடும்போது நான் முதலில் முட்டிக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். புதிதாக மைல் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். நான் ஏறப்போகும் விமானங்கள் வேறொரு நிறுவனத்துடையவை. எங்கள் மைல் இருந்த திட்டத்துக்கு அது கூட்டாளி. அந்தப் பறக்கும் நிறுவனத்தின் தளத்தில் ஸ்டாப்ஓவர் பற்றி எழுதியிருந்ததை எல்லாம் வரி வரியாகப் படித்துக் குறிப்பெடுத்தேன். அத்தனையும் வீண். மைல் எந்தத் திட்டத்தில் இருக்கிறதோ அந்தத் திட்டத்தின் விதிதான் செல்லும். விமானம் யாருடையது என்பது இருக்கைக்கு மட்டும்தான் முக்கியம்.

இது எவ்வளவு தூரம் மாறும் என்றால், ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு ஸ்டாப்ஓவர் இலவசமாக இருக்கும், இன்னொருவருக்கு அந்தப் பேச்சே இருக்காது. ஏர் கனடாவின் மைல் திட்டமான ஏரோபிளானில் ஒரு வழி டிக்கெட்டிலேயே ஒரு ஸ்டாப்ஓவர் போடலாம். 5,000 பாயிண்ட் கூடுதலாகக் கொடுத்தால் 45 நாள் வரை தங்கலாம், ஆனால் கனடாவிலோ அமெரிக்காவிலோ தங்க முடியாது. கிரிஸ்ஃப்ளையரின் சேவர் என்ற குறைந்த மைல் வகையில் போய்வரும் டிக்கெட்டுக்கு ஒன்று இலவசம், இன்னொன்று வேண்டுமானால் 100 அமெரிக்க டாலர். ஏர் பிரான்ஸ், கேஎல்எம் இரண்டுக்கும் பொதுவான ஃப்ளையிங் ப்ளூவில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். அலாஸ்கா ஏர்லைன்ஸ் ஒரு வழி டிக்கெட்டிலேயே இலவசமாகக் கொடுத்துத்தான் மைல் பைத்தியங்களிடம் நல்ல பெயர் வாங்கியது. பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏவியோஸ் (அங்கே மைலுக்கு அந்தப் பெயர்) கதை தனி. ஒவ்வொரு விமானத்துக்கும் தூரத்தை வைத்துத் தனித்தனியாகக் கணக்குப் போடுவதால், நடுவில் ஒரு மணி நேரம் இருந்தாலும் ஒரு மாதம் இருந்தாலும் ஏவியோஸ் கூடப்போவதில்லை. இலவசம் என்றும் சொல்லலாம், சலுகையே இல்லை என்றும் சொல்லலாம்.

இவை எல்லாம் எப்போது வேண்டுமானாலும் மாறும். யுனைடெட் 2016இல் எக்ஸ்கர்ஷனிஸ்ட் பெர்க் என்று ஒன்று கொண்டுவந்தது. போய்வரும் பயணத்துக்கு நடுவே, வேறொரு பிராந்தியத்துக்குள் ஒரு விமானப் பயணத்தை மைல் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதைச் சுற்றியே சிலர் வருடக்கணக்காகத் திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். 2025இல் எடுத்துவிட்டார்கள். மைலைச் சேமிப்பு மாதிரி பூட்டி வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். வட்டி கிடையாது, மதிப்பு குறைந்துகொண்டே போகும், விதியை எழுதுகிறவரும் எதிர்த் தரப்பில்தான் இருக்கிறார்.

சரி, டிக்கெட்டுக்கு வருவோம். எங்கள் திட்டத்தின் தளத்தில் போய்வரும் தேதியைப் போட்டால் இருக்கை காட்டும். ஸ்டாப்ஓவர் சேர்த்தால், "பொருத்தமான விமானம் இல்லை" என்று சொல்லும். இரண்டு வாரம் அதை நம்பி ஏமாந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, மொத்தமாகத் தேடக் கூடாது. பயணத்தின் ஒவ்வொரு துண்டையும் ஒரு வழிப் பயணமாகத் தனித்தனியாகத் தேட வேண்டும். இருக்கை இருக்கிற துண்டுகளைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். தேதி, விமான எண், கிளம்பும் நேரம், சேரும் நேரம், வகுப்பு. ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் உள்ள கூட்டாளிகளின் அவார்டு இருக்கை என்றால் எகானமிக்கு எக்ஸ், பிசினஸுக்கு ஐ, முதல் வகுப்புக்கு ஓ என்று எழுத்து உண்டு. அந்த எழுத்தைச் சொல்லிக் கேட்டால் கால் சென்டரில் பேசுகிறவர் நம்மை வேறு மாதிரி நடத்துவார், இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ஐந்து துண்டுகள், அடித்துத் திருத்தி, ஓரத்தில் என் மனைவி கையெழுத்தில், "இதுக்கு நடந்தே போயிடலாம்".

கால் சென்டரை அழைத்தபோது முதலில் எடுத்தவர் ஸ்டாப்ஓவர் முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டு மறுபடி அழைத்தேன். இரண்டாவது எடுத்தவர், நான் வாசிக்க வாசிக்கத் துண்டு துண்டாக உள்ளே போட்டார். நான்காவது துண்டில் நின்றார். "சார், உங்களுக்கு இருக்கை காட்டுகிறதா? எனக்கு இல்லையே." எனக்குத் தளத்தில் பளிச்சென்று தெரிந்தது. இதைத்தான் பேய் இருக்கை என்கிறார்கள். திரையில் தெரியும், கேட்டால் இருக்காது. நல்லவேளை, அதே நாளில் முந்தைய விமானம் ஒன்றை மாற்றாகக் குறித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மாற்று எழுதாமல் போனை எடுக்காதீர்கள்.

இன்னொரு சங்கடம் தேதியில் வரும். திட்டங்கள் இருக்கைகளை ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே திறக்கின்றன. கிரிஸ்ஃப்ளையரிலும் பிரிட்டிஷ் ஏர்வேஸிலும் 355 நாள், அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 331 நாள். முதல் நாளே பிடித்துவிடலாம் என்று போனால், ஸ்டாப்ஓவர் சேர்ந்து நீண்டுபோன பயணத்தின் கடைசித் துண்டு இன்னும் திறந்தே இருக்காது. போகும் துண்டை மட்டும் பிடித்துவிட்டு அப்புறம் சேர்க்கலாம் என்றால், டிக்கெட் வந்தபின் ஸ்டாப்ஓவரைச் சேர்ப்பது பல திட்டங்களில் மாற்றுக் கட்டணம் உள்ள வேலை, சிலவற்றில் நடக்காத வேலை. நாங்கள் மூன்று வாரம் காத்திருந்து மொத்தமாகப் போட்டோம்.

போட்ட பிறகும் பாருங்கள், ஆறு எழுத்து பி.என்.ஆர்., அதாவது முன்பதிவுக் குறியீடு, கையில் வந்ததும் நான் நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டேன். மறுநாள் மனைவிதான் கேட்டாள், "என்னங்க, மைலே குறையலையே?" குறையவில்லைதான். முன்பதிவு ஆகியிருந்தது, டிக்கெட் வெட்டப்படவில்லை, அதாவது வழங்கப்படவில்லை. இரண்டும் வேறு. டிக்கெட் என்றால் 13 இலக்க எண் வந்திருக்க வேண்டும். அதில் முதல் மூன்று இலக்கம் எந்த நிறுவனம் டிக்கெட்டை வழங்கியது என்பதைச் சொல்லும். 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 014 என்றால் ஏர் கனடா, 125 என்றால் பிரிட்டிஷ் ஏர்வேஸ். 13 இலக்கம் இல்லாத பி.என்.ஆர். வெறும் இடம் பிடித்து வைத்ததுதான், பேருந்து இருக்கையில் கைக்குட்டை போட்ட மாதிரி. மறுபடி அழைத்து, கார்டில் வரிக் கட்டணம் போகாமல் நின்றிருந்ததைச் சரிசெய்து, எண்ணை வாங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

வரிக் கட்டணம் என்றதும் ஒன்று. மைல் டிக்கெட்டை இலவசம் என்று சொல்கிறவர்கள் இந்த வரியைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. விமான நிலையக் கட்டணங்கள் நம் தலையில்தான். சில திட்டங்கள் எரிபொருள் சர்சார்ஜையும் சேர்த்து வாங்கும், சில வாங்காது. எங்கே தங்குகிறோம் என்பதும் தொகையை மாற்றும். லண்டன் நல்ல உதாரணம். அங்கிருந்து கிளம்பும் பயணிகளுக்கு ஏர் பாசஞ்சர் டூட்டி என்று ஒரு வரி உண்டு. 24 மணி நேரத்துக்குள் அடுத்த சர்வதேச விமானம் ஏறுகிறவர்களுக்கு அது கிடையாது. தாண்டித் தங்கினால் உண்டு. பிசினஸ் வகுப்பு என்றால் எகானமிக்கு வாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மைல் கணக்கில் இலவசமான ஸ்டாப்ஓவர், வரிக் கணக்கில் கையைக் கடிக்கும். இந்தக் காரணத்துக்காகவே லண்டனைப் போகும் வழியில் இல்லாமல் கடைசி ஊராக வைத்துவிட்டு, திரும்புவதை வேறு ஊரிலிருந்து தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஓப்பன் ஜா என்று பெயர். போய் இறங்கும் ஊர் ஒன்று, திரும்பக் கிளம்பும் ஊர் வேறு. நடுவில் உள்ள தூரம் நம் செலவு. நிறையத் திட்டங்கள் அனுமதிக்கின்றன.

இனி அந்த 50 நிமிடம்.

விமானம் 7.25க்குத் தள்ளிப்போனதும் எங்கள் தங்கல் 24 மணி 15 நிமிடம் ஆகிவிட்டது. கணினியைப் பொறுத்தவரை அது இப்போது இரண்டாவது ஸ்டாப்ஓவர். எங்கள் டிக்கெட்டுக்கு ஒன்றுதான் அனுமதி. ஆகவே மீதிப் பயணத்தை உறுதிசெய்ய மறுத்துவிட்டது. மனிதர் யாரும் எங்களைத் தண்டிக்க உட்கார்ந்திருக்கவில்லை, கணினி கூட்டிக் கழித்துப் பார்த்தது, அவ்வளவுதான்.

முதலில் விமானத்தை ஓட்டும் நிறுவனத்தை அழைத்தேன். "டிக்கெட் நாங்கள் வெட்டியதில்லை, வெட்டியவர்களைக் கேளுங்கள்" என்றார்கள். மைல் திட்டத்தை அழைத்தேன். "நேரத்தை மாற்றியது நாங்கள் இல்லை, அவர்களைக் கேளுங்கள்" என்றார்கள். இப்படி ஒரு வாரம் போனது. ஒருவர், காலை 8 மணிக்கு ஒரு விமானம் இருக்கிறது, அதில் மாற்றித் தரட்டுமா என்றார். மாலை 7.10க்கு இறங்கி, மறுநாள் காலை 8 மணிக்குக் கிளம்பினால் ஊரின் தெருவிளக்கைத்தான் பார்க்கலாம். இன்னொருவர் இரண்டாவது ஸ்டாப்ஓவருக்குக் கட்டணம் கேட்டார். ஆளுக்கு ஒரு தொகை, கூடவே டிக்கெட் மாற்றுக் கட்டணம். "பேசாம காசு கொடுத்தே வாங்கியிருக்கலாம்" என்றாள் மனைவி. அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக.

மாற்றத்தைத் தெரிவித்த மின்னஞ்சலின் அடியில், "ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு பொத்தான் இருந்தது. நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், அதை அழுத்தாமல் விட்டது. அதுவும் அறிவால் இல்லை, சோம்பலால். அழுத்தியிருந்தால் மாற்றத்துக்கு நானே சம்மதித்ததாகக் கணக்காகியிருக்கும், அப்புறம் பேசுவதற்குப் பிடி இருந்திருக்காது.

கடைசியில் வேலை செய்தது ஒரு சொல்தான், இன்வாலன்டரி. பயணி கேட்டு மாற்றுவது ஒன்று, நிறுவனம் தானாக மாற்றுவது இன்னொன்று. இரண்டாவதற்குப் பெயர் இன்வாலன்டரி சேஞ்ச். அந்த வகையில் வந்தால், டிக்கெட்டை மறுபடி வெட்டும்போது கட்டணத்தையும் சில விதிகளையும் தள்ளுபடி செய்ய மேற்பார்வையாளருக்கு அதிகாரம் உண்டு. நான்காவது அழைப்பில் நான் கதை சொல்லவில்லை. டிக்கெட் எண்ணைச் சொன்னேன். பழைய நேரம், புதிய நேரம், மாற்றம் வந்த தேதி சொன்னேன். "இது இன்வாலன்டரி சேஞ்ச், 24 மணி நேரம் தாண்டியது உங்கள் கூட்டாளி நிறுவனத்தின் மாற்றத்தால். அதே விமானத்தில் கட்டணமில்லாமல் ரீஇஷ்யூ செய்ய மேற்பார்வையாளரிடம் கேட்க முடியுமா?" என்றேன். அந்தப் பெண் சற்று நிதானித்து, "லைனில் இருங்கள் சார்" என்றார். 40 நிமிடம் அந்த ஒரே இசை. மனைவி வந்து பார்த்துவிட்டுப் போனாள். திரும்ப வந்தவர், "முடிந்தது சார், புதிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்றார். முதல் மூன்று இலக்கம் அதே. மீதி பத்தும் புதிது.

ஆசை யாரை விட்டது. எப்படியும் ஸ்டாப்ஓவர் ஆகிவிட்டதே, இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "அது நீங்கள் கேட்டு மாற்றுவது ஆகிவிடும் சார்" என்றார். சிரிப்பு கேட்டது.

ஒரு நன்மை எதிர்பாராமல் வந்தது. 24 மணி நேரத்துக்குள் என்றால் பெரிய பெட்டிகளைக் கடைசி ஊர் வரைக்கும் ஒட்டிவிடுவது வழக்கம். நடு ஊரில் கையில் கிடைக்காது. பாதியில் இறக்கிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டால் சில கவுன்ட்டரில் செய்வார்கள், சில கவுன்ட்டரில் மாட்டார்கள். அதனால் ஒரு நாள் துணியைக் கைப்பையில் திணிக்கத் திட்டம் வைத்திருந்தோம். ஸ்டாப்ஓவர் ஆனதும் பெட்டி அங்கேயே இறங்கிவிடும். செக்-இன் கவுன்ட்டரில் பெட்டியில் ஒட்டிய சீட்டில் இருந்த, இறங்கும் ஊரைக் குறிக்கும் மூன்றெழுத்தை மனைவி குனிந்து இரண்டு முறை படித்தாள். விசா விஷயத்தில் வித்தியாசம் இல்லை. விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதென்றால் 10 மணி நேரமானாலும் 10 நாளானாலும் அந்த நாட்டுக்குள் நுழைய உரிமை வேண்டும். அதை முன்பே வாங்கியிருந்தோம்.

மறுநாள் மாலை விமான நிலையத்துக்குத் திரும்பி வந்தோம், கால் வலிக்க நடந்துவிட்டு. பலகையில் எங்கள் விமானத்துக்கு நேராக 7.25ஐ அடித்து 8.10 என்று போட்டிருந்தது. மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, இன்னும் 45 நிமிஷம் போயிடுச்சே. இதுக்கும் போன் போடணுமா?"

வேண்டாம் என்றேன். அட்டவணையில் போட்ட நேரம்தான் கணக்கு, அன்றன்றைக்கு ஆகும் தாமதத்தைக் கடிகாரம் பார்க்காது. அவள் நம்பவில்லை. போர்டிங் பாஸை ஸ்கேன் செய்யும் கருவி பச்சை விளக்கு காட்டுகிற வரைக்கும் என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.